கையில் கொடுத்தாச்சா?

எங்கள் ஊரில் நல்லவர்களுக்குப் பஞ்சமே இல்லை. அதுதான் பிரச்சினை. எங்கள் நீதிமன்றத் தலைமை எழுத்தர் தங்கமான மனிதர். காவல் நிலையத்தில் இருக்கிற கான்ஸ்டபிள் எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவர். இத்தனை நல்லவர்களைத் தாண்டி ஒரு காகிதத்தை ஓர் ஆளின் கையில் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் சம்மனக்காவுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. நான் கூடவே இருந்து பார்த்தேன். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சம்மனக்கா என்பது நாங்கள் வைத்த பெயர். சம்மன், நோட்டீஸ், உத்தரவு என்று நீதிமன்றத்திலிருந்து கிளம்புகிற எல்லாவற்றையும் உரியவர் கையில் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி வருவது அவருடைய வேலை. நான் டைப்பிஸ்ட். அவர் மேசைக்கும் என் மேசைக்கும் நடுவில் ஓர் இரும்பு அலமாரிதான். அக்கா, யாரோ லீவில் போன இடத்தில் தற்காலிகமாக வந்து உட்கார்ந்தவர். பொம்பளையால் தெருத் தெருவாக அலைய முடியுமா, ஒரு வாரம் தாங்கினால் பெரிது என்றார்களாம். அப்படிச் சொன்ன ஆண்களெல்லாம் இப்போது நாய் இருக்கிற வீடு, வாய் இருக்கிற வீடு என்று தங்களால் முடியாததையெல்லாம் கொண்டுவந்து அக்கா மேசையில் வைத்துவிட்டு நைசாக நழுவுகிறார்கள்.

அக்காவுக்குக் கனத்த உடம்பு, முழங்கால் வலி, முணுக்கென்றால் கோபம். வண்டி ஓட்டத் தெரியாது, பஸ்ஸும் நடையும்தான். கையில் எப்போதும் ஒரு காய்கறிப் பை இருக்கும். உள்ளே ஃபைல், மேலே ஒரு கீரைக்கட்டு. "ஃபைலைத் தூக்கிக்கிட்டுத் தெருவுக்குள்ள நுழைஞ்சா ஆள் கொல்லைப்பக்கமா ஓடிடுவான். கீரையோட போனா அவனே வந்து என்ன விலைன்னு கேப்பான்" என்பார். அவர் கணவர் தையல்காரர், அதிர்ந்து பேசாதவர். "எவன் மேலயோ கேசு, தினம் கீரை தின்னுறது நானு" என்று ஒருமுறை என்னிடம் முறையிட்டார். அக்கா முறைத்ததும் ஊசியில் நூல் கோக்கப் போய்விட்டார்.

இப்போது அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தவள். லென்ஸ் பொருத்துவாள், தளர்ந்த கைப்பிடியை முடுக்கிக் கொடுப்பாள். புருஷன் சொல்லி வேலையை விட்டாள். முதல் தடவை எங்கள் கவுண்டருக்கு வந்தபோது இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு. படியில் விழுந்துவிட்டாள் என்றுதான் ஊர் முழுக்க நம்பிக்கொண்டிருந்தது. விழவில்லை, அவன் முறுக்கினான். நீதிபதி அம்மா நாலு கேள்வி கேட்டார், டாக்டர் சீட்டைப் பார்த்தார், அன்றைக்கே பாதுகாப்பு உத்தரவு போட்டுவிட்டார். அவன் அவள் இருக்கிற வீட்டுப் பக்கம் வரக்கூடாது, அவளையோ குழந்தையையோ நெருங்கக்கூடாது, போன் பண்ணக்கூடாது, மீறினால் கைது. நான்தான் டைப் அடித்தேன். அடித்து முடித்தபோது வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தேன் பாருங்கள், என் புத்தியை என்ன சொல்ல.

ஏனென்றால் அந்த உத்தரவு அவன் கையில் சேர வேண்டும். சேரும்வரை அது வெறும் காகிதம். அவன் வீட்டு வாசலில் வந்து நிற்பான், அவள் போலீசுக்குப் போன் போடுவாள், அவர்கள் ஒரே ஒரு கேள்வி கேட்பார்கள்: "அவர் கையில குடுத்தாச்சா?" இல்லை என்றால், "குடுத்ததும் சொல்லுங்கம்மா" என்று அன்பாகப் போனை வைத்துவிடுவார்கள்.

கொடுக்க வேண்டியதுதானே என்பீர்கள். எங்கே போய்? உத்தரவில் அவன் விலாசமாக இருந்தது அந்த வீடுதான். பதிவில் இருக்கும் விலாசத்துக்குத்தான் முதலில் போக வேண்டும் என்பது விதி. அக்கா மூச்சு வாங்க மாடிப்படி ஏறிப் போய்க் கதவைத் தட்டி, விதிப்படி, "வீட்டுக்காரர் இருக்காரா?" என்று கேட்டார்.

அந்தப் பெண் அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றாளாம். "அவர் இங்க வரக்கூடாதுன்னு சொல்ற பேப்பரைத் தர்றதுக்கு, அவர் இங்க இருக்காரான்னு கேக்கறீங்களா?" என்றாள்.

"ஆமாம்மா. என்னைத் திட்டாதே. எழுதினவன் எவனோ, ஏறினது நான்" என்று சொல்லிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டே இறங்கி வந்தார் அக்கா.

அவன் தன் அம்மா வீட்டில் இருந்தான். டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறான். ஊருக்கே அவன் மாஸ்டர். இந்த ஊரில் ஸ்டியரிங் பிடிக்கிறவர்களில் பாதிப்பேர் அவனிடம் படித்தவர்கள். போலீஸ் ஜீப் ஓட்டுகிற கான்ஸ்டபிள் உட்பட, எங்கள் தலைமை எழுத்தர் உட்பட. யாரைக் கேட்டாலும் ஒரே பாட்டு: "மாஸ்டர் மாதிரி பொறுமைசாலியைப் பார்க்கவே முடியாது." அக்கா அம்மா வீட்டுக்குப் போனால் மாஸ்டர் வெளியூர். டிரைவிங் ஸ்கூலுக்குப் போனால் மாஸ்டர் லைசென்ஸ் ஆபீஸில். லைசென்ஸ் ஆபீஸுக்குப் போனால் இப்போதுதான் கிளம்பினார். கீரைக்கட்டெல்லாம் இந்த மாஸ்டரிடம் பலிக்கவே இல்லை. "எனக்குன்னே மோப்பம் பிடிக்கிறானா இவன்? நான் பஸ் ஏறும்போதே அவனுக்கு மூக்கு வேர்த்துடுதே!" என்று அக்கா புலம்பினார்.

இதற்கிடையில் அந்தப் பெண் கவுண்டருக்கு வந்து வந்து நின்றாள். சத்தம் போட மாட்டாள், அழ மாட்டாள். "குடுத்தாச்சாக்கா?" என்று மட்டும் கேட்பாள். ஒரு நாள் கன்னத்தில் புதிதாக ஒரு வீக்கம் இருந்தது. அக்கா ஏதோ கேட்க வாயெடுத்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மோப்பத்தின் ரகசியம் எனக்குத்தான் முதலில் தெரிந்தது. அன்றைக்கு ஏதோ கையெழுத்துக்காகத் தலைமை எழுத்தர் அறைக்குப் போனேன். அவர் போனில் இருந்தார். "மாஸ்டர், நல்லா இருக்கீங்களா? ஒண்ணுமில்லை, நாளைக்குக் காலையில சம்மன் குடுக்கற நம்ம ஆபீஸ் அம்மா அந்தப் பக்கம் வரும். ஒரு வார்த்தை சொல்லி வைக்கலாமேன்னு... சேச்சே, இதுல என்ன இருக்கு."

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அவர் போனை வைத்துவிட்டு, "என்னம்மா?" என்று சாதாரணமாகக் கேட்டார். அவர் முகத்தில் கள்ளத்தனமே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

அக்காவிடம் வந்து சொன்னேன். அக்கா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்த வேகத்தில் அலமாரி ஆடியது. அடுத்த நிமிஷம் தலைமை எழுத்தர் அறையில் குரல் கேட்டது. நான் வாசலில் நின்றுகொண்டேன். சண்டையை விலக்க இல்லை, பார்க்க.

"சார், நான் வர்றதை நீங்களே போன் போட்டுச் சொல்றீங்களா?"

"மரியாதைக்காகச் சொல்றதுதானேம்மா. நாலு பேர் மதிக்கிற மனுஷங்களா இருந்தா முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிடுவேன். வேலை செய்யற இடத்துல போய் நின்னா அவங்களுக்குக் கௌரவக் குறைச்சல் இல்லையா? அவங்களே தயாரா இருந்து வாங்கிப்பாங்க. நான் சர்வீஸுல சேர்ந்ததுலேர்ந்து இப்படித்தான் செய்யறேன். இதுவரைக்கும் ஒருத்தர்கூடக் குறை சொன்னதில்லை."

"யார் சார் சொல்லுவாங்க? தப்பிச்சவன் வந்து நன்றி சொல்லுவானா, இல்லை அடி வாங்கினவ வந்து உங்க போன் பில்லைப் பார்ப்பாளா?"

அவர் நிஜமாகவே புண்பட்டுப் போனார். "நான் யாருக்கும் கெடுதல் நினைக்கலைம்மா" என்றார். கண் கலங்கியது. அக்கா வெளியே வந்து, "இந்த ஆளைத் திட்டவும் முடியலை பாரு, அது ஒண்ணுதான் குறைச்சல்!" என்று என்மேல் எரிந்து விழுந்தார். பிறகு டிரைவிங் ஸ்கூல் நம்பரைத் தேடி எடுத்தார்.

"ஹலோ, வண்டி கத்துக்கணும். வயசாயிடுச்சு, கொஞ்சம் பயம். பொறுமையாச் சொல்லித்தர்றவங்க இருந்தா..."

அந்தப் பக்கம் ஒரு பெண் குரல்: "கவலையே படாதீங்கம்மா. லேடீஸ்னா மாஸ்டரே வருவார்."

ரெண்டு நாள் கழித்து நானும் கூடப் போனேன். வாங்க மறுத்தால், ஒரு சாட்சி பார்க்க அவன் முன்னால் வைத்துவிட்டு வந்தாலும் செல்லும். அந்தச் சாட்சி நான். மாஸ்டரிடம் அக்கா என்னை நாத்தனார் என்று அறிமுகப்படுத்தினார். "இவளும் அப்புறம் கத்துக்கப் போறா. பின்னாடி உக்காந்து பார்க்கட்டும்." மாஸ்டர் புன்னகைத்துப் பின்கதவைத் திறந்துவிட்டான். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, நிதானமான முகம். டிரைவிங் ஸ்கூல் வாசலிலேயே கொடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அக்கா அவனை அதுவரை பார்த்ததில்லை. ஆள் மாறாட்டம் ஆகிவிடக்கூடாது. அவன் வாயால் பெயர் வர வேண்டும். வந்தபிறகு ஓடவும் கூடாது. ஓடுகிற வண்டியிலிருந்து எங்கே ஓடுவான் என்பது அக்காவின் கணக்கு. அந்த வண்டியை ஓட்டப்போவது தான்தான் என்பதை மட்டும் அக்கா யோசிக்கவில்லை.

"பயப்படாதீங்கக்கா. வண்டி உங்க பேச்சைத்தான் கேக்கும். க்ளட்சை மெதுவா விடுங்க. அவ்வளவுதான். பார்த்தீங்களா, போகுது!"

வண்டி தவளை மாதிரி ரெண்டு தாவு தாவி நின்றது. நான் முன் சீட்டில் மூக்கை இடித்துக்கொண்டேன். அவன் முகம் சுளிக்கவில்லை. மறுபடியும் ஸ்டார்ட் செய்யச் சொன்னான். மறுபடியும் நின்றது. "யாருக்கும் முதல் நாள் இப்படித்தான்" என்றான். எங்கள் வீட்டு ஆண்கள் யாராவது பக்கத்தில் இருந்திருந்தால் இதற்குள் எங்களை இறக்கிவிட்டிருப்பார்கள். சொல்லவே எனக்குக் கூசுகிறது, பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டு ஒரு கணம் நினைத்தேன்: இவனா? நாம் ஏதாவது தப்பாகப் புரிந்துகொண்டோமா? மாவுக்கட்டைக் கண்ணால் பார்த்த எனக்கே அப்படி இருந்தது. பார்க்காத ஊரை நான் என்ன சொல்ல.

வண்டி ஒருவழியாக மெயின் ரோட்டுக்கு வந்தது. "ரசீது போடணும்ல, உங்க முழுப் பேர் என்ன மாஸ்டர்?" என்று அக்கா கேட்டார். அவன் அப்பா பெயரோடு சேர்த்துச் சொன்னான். உத்தரவில் நான் அடித்த அதே பெயர். அக்கா ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து, மடியிலிருந்த பையில் கீரைக்கு அடியில் துழாவி, உத்தரவை எடுத்து அவன் மடியில் வைத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

வண்டி நின்றது. அவன் காலடியிலும் ஒரு க்ளட்சும் ஒரு பிரேக்கும் உண்டு; கற்றுக்கொடுக்கிற வண்டியில் அப்படித்தான் வைத்திருப்பார்கள். நாலு ரோடு சந்திக்கிற இடத்தில் நடுவாந்தரமாக நின்றோம். அவன் முதல் பக்கத்தைப் படித்தான். நாலாக மடித்தான். அக்காவின் பையிலேயே திருப்பிப் போட்டான்.

"இதை நீங்க எனக்குக் குடுக்கலை. சரிங்களாக்கா?" குரல் கொஞ்சம்கூட மாறவில்லை. "இப்ப க்ளட்சை மெதுவா விடுங்க. போகலாம்."

அக்கா விட்டார். வண்டி உறுமியது, நகரவில்லை. அவன் தன் பக்கத்துப் பெடல்களிலிருந்து காலை எடுக்கவில்லை.

"ஏன் நகரலை?"

"நீங்க சரின்னு சொன்னா நகரும்."

பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. அப்புறம் ஒரு பஸ், அப்புறம் எல்லாரும். ஒருவன் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்து, "பெரியம்மா, ஓட்டத் தெரியாட்டி வீட்டுல இருக்க வேண்டியதுதானே!" என்று கத்திவிட்டுப் போனான். திட்டு எல்லாம் ஸ்டியரிங் பிடித்திருந்த அக்காவுக்குத்தான். பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த மாஸ்டரை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "பதட்டப்படாதீங்கக்கா" என்றான் அவன், அவ்வளவு கனிவாக. அந்தப் பெண் இத்தனை வருஷமாக எந்த மாதிரி வீட்டில் இருந்தாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அக்கா எஞ்சினை அணைத்தார். சாவியை உருவினார். பையிலிருந்து உத்தரவை எடுத்து அவன் மடியில் மறுபடி வைத்து, பள்ளிக்கூடப் பிள்ளை ஒப்பிக்கிற மாதிரி உரக்கச் சொன்னார்: "நீதிமன்ற உத்தரவு. உங்க கையிலே குடுத்தேன். நீங்க மறுத்தீங்க. உங்க முன்னாடியே வச்சுட்டுப் போறேன். சாட்சி பின்னாடி இருக்கா." கதவைத் திறந்து இறங்கி, சாவியை வண்டிக் கூரைமேல் வைத்தார். நானும் விழுந்தடித்து இறங்கினேன். நடைபாதை வந்ததும் அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டார். "ஏண்டி, இதுக்குப் போய்க் காசு குடுத்துக் கத்துக்கறாங்களா ஜனங்க?" என்றார்.

உத்தரவைக் கொடுத்ததற்கான அறிக்கையை அன்றைக்கே டைப் அடித்து, சாட்சிக் கையெழுத்துப் போட்டு, நகலைக் காவல் நிலையத்தில் கொடுத்தோம். கான்ஸ்டபிள் அதைப் படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். "பாவம், மாஸ்டர்" என்றார். அக்கா வாயைத் திறப்பதற்குள் நான் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தேன்.

அக்காவின் வேலை அதோடு முடிந்தது. பஸ் ஏறி வீட்டுக்குப் போயிருக்கலாம். "அந்தப் பொண்ணுகிட்ட நேர்ல சொல்லிட்டுப் போயிடலாம் வா" என்றார். சாயங்காலம் மறுபடியும் அந்த மாடிப்படி. கதவுக்குப் பின்னால் காலடி வந்து நின்றது, திறக்கவில்லை. அக்கா குரல் கொடுத்தபிறகுதான் திறந்தாள். குழந்தை தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தது.

"குடுத்தாச்சும்மா" என்றார் அக்கா.

அவள் கேட்டாள்: "அப்ப இனிமே நான் கதவைத் திறக்க வேண்டியதில்லையா?"

"முன்னாடியும் திறக்க வேண்டியதில்லைம்மா! யாரு உன்னைத் திறக்கச் சொன்னது?" அக்காவுக்குக் கோபம் பொங்கிவிட்டது.

"திறக்கலைன்னா சத்தமே போட மாட்டார்க்கா. மெதுவாக் கூப்பிட்டுக்கிட்டே நிப்பார். கீழ்வீட்டு அம்மா மேல வந்து, 'பாவம், எவ்வளவு நேரமா நிக்கறார், திறந்து விடு'ம்பாங்க. திறப்பேன். திறந்தப்புறம் நடக்கறது அவங்களுக்குக் கேக்காது."

அழைப்பு மணி அடித்தது அப்போதுதான்.

"கதவைத் திறம்மா. ஒரு நிமிஷம் பேசிட்டுப் போயிடறேன்." கனிவான குரல். காலையில் க்ளட்சை விடச் சொன்ன அதே குரல். அவள் தன்னையறியாமல் கதவை நோக்கி ரெண்டடி எடுத்து வைத்துவிட்டாள். குழந்தை பென்சிலைக் கீழே போட்டுவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது, யாரும் சொல்லாமலே. அவள் அதைப் பார்த்தாள். நின்றாள். போனை எடுத்தாள்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. கீழ்வீட்டு அம்மா ஏறி வந்து, "ஏம்மா, புருஷனை இப்படி வாசல்லயா நிக்க வைக்கறது?" என்று கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து நியாயம் பேசினார். போனில் வழக்கமான கேள்வி வந்திருக்க வேண்டும். இவள், "குடுத்தாச்சு. குடுத்தவங்க பக்கத்துலதான் இருக்காங்க" என்றாள். ஒரு வார்த்தையையும் விழுங்காமல் சொல்லி முடித்தாள்.

ஜீப் வந்தது. வந்ததையே நம்பாமல் நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கான்ஸ்டபிள் மாடி ஏறி வந்து, "மாஸ்டர், நீங்க ஏன் இங்க..." என்று இழுத்தார். பிறகு, அறிக்கையைப் படித்தவரே ஒன்றும் தெரியாதவர் போல, "உத்தரவு உங்களுக்குக் கிடைச்சுதா?" என்றார்.

"எனக்கு எதுவும் வரலையேப்பா" என்றான் மாஸ்டர், சிரித்துக்கொண்டே.

அதைக் கேட்டதும் அக்கா கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். பின்னால் நான். மாஸ்டரின் சிரிப்பு அப்படியே நின்றது. அப்போதும் கான்ஸ்டபிளுக்கு மனசு வரவில்லை. வீட்டுக்குள் எட்டிப் பார்த்து, "ஏம்மா, உக்காந்து பேசித் தீர்த்துக்கலாமே?" என்றார்.

அக்கா பாய்வதற்கு மூச்சை இழுத்தார். ஆனால் அவள் முந்திக்கொண்டாள்.

"பேசியாச்சு சார். நீதிபதி அம்மா முன்னாடி பேசியாச்சு. அங்க முடிஞ்சதைத்தான் எழுதி இவர் கையில குடுத்திருக்காங்க. இவரைக் கூட்டிட்டுப் போங்க."

கீழ்வீட்டு அம்மா படியோரமாக ஒதுங்கி வழி விட்டார். கான்ஸ்டபிள் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "வாங்க மாஸ்டர்" என்றார். கீழே ஜீப்பின் முன்பக்கம் ஏறப் போனவனிடம் தயங்கித் தயங்கி, "பின்னாடி ஏறுங்க மாஸ்டர்" என்று சொன்னது மேலே எங்களுக்குக் கேட்டது.

ஜீப் போனபிறகு அக்கா அவளுக்கு நிறையச் சொன்னார்: நாளைக்குக் காலையில் நீதிமன்றத்துக்கு வர வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும், எதைச் சொல்ல வேண்டும். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். குழந்தை கட்டிலுக்கு அடியிலிருந்து இன்னும் வரவில்லை. அக்கா மூச்சுவிட இடைவெளி விட்டபோது அவள் கேட்டாள்: "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்களும் கிளம்பறீங்களா? நான் கதவைப் பூட்டிக்கணும்."

நாங்கள் வெளியே வந்தோம். எங்கள் முகத்துக்கு நேராகவே கதவு மூடியது. மேல் தாழ்ப்பாள், கீழ்த் தாழ்ப்பாள், சாவி என்று ஒவ்வொன்றாகச் சத்தம் கேட்டது. எல்லாம் முடியும்வரை அக்கா அந்தப் படியிலேயே நின்றார். பிறகு கதவைத் தள்ளிப் பார்த்தார். அது அசையவில்லை.

"நல்லாப் பூட்டியிருக்கா" என்று சொல்லிச் சிரித்தார்.